மெர்க்கலைத் தூக்கிவிட்டது யார்?

கேள்வி: இயற்பியல் படித்து டாக்டர் பட்டம் வாங்கிய ஏஞ்சலா மெர்க்கல் ஆய்வை விட்டுவிட்டு அரசியலுக்குப் போனது அறிவியலுக்கு நஷ்டம்தானே? ஹெல்முட் கோல் தூக்கிவிடாமல் இருந்தால் அவரால் ஜெர்மனியின் சான்சலர் (பிரதமர் போன்ற பதவி) ஆகியிருக்க முடியுமா?

பதில்: வக்கீல் தொழிலை விட்டு அரசியலுக்கு வந்த ஆண்களைப் பற்றி, சட்டத்துறைக்கு நஷ்டம் என்று யாரும் எனக்கு எழுதிக் கேட்டதில்லை.

முதலில் கோல் விஷயம். 1991இல் சான்சலராக இருந்து மெர்க்கலை மந்திரி ஆக்கியது அவர்தான், மறுக்கவில்லை. 'என் பொண்ணு' என்றுதான் அவரைக் குறிப்பிடுவார். அப்புறம் என்ன நடந்தது? 1998 தேர்தலில் கோல் தோற்றார். அடுத்த வருடம் அவர்கள் இருவரும் இருந்த கட்சியில், கோலே சிக்கிய நன்கொடை ஊழல் வெடித்தது. பெரிய தலைகள் எல்லாம் வாயை மூடிக்கொண்டிருந்தபோது, கோல் இல்லாமல் நடக்கக் கட்சி பழகிக்கொள்ள வேண்டும் என்று 1999 டிசம்பரில் பத்திரிகையில் பகிரங்கமாக எழுதியவர் மெர்க்கல். நாலே மாதத்தில் கட்சித் தலைவர், 2005இல் சான்சலர். இதில் கோல் எங்கே தூக்கிவிட்டார்?

சரி, அறிவியலுக்கு நஷ்டமா? கிழக்கு பெர்லினில் அறிவியல் அகாடமியின் ஆய்வு நிறுவனத்தில் பத்து வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவர். 1986இல் குவாண்டம் வேதியியலில் டாக்டர் பட்டம். 1989இல் பெர்லின் சுவர் விழுந்தபோது வயது 35. ஒரு சின்னப் புதுக் கட்சியில் போய்ச் சேர்ந்து, அலுவலகத்துக்கு வந்த கம்ப்யூட்டர்களை மாட்டிக்கொடுப்பதில் ஆரம்பித்தார். அவர் படித்த படிப்பு அதோடு வீணாகிவிடவில்லை. 1995இல் பெர்லினில் நடந்த ஐ.நா.வின் முதல் காலநிலை மாநாட்டுக்குச் சுற்றுச்சூழல் மந்திரியாகத் தலைமை தாங்கினார். புவியைச் சூடாக்கும் வாயுக்களைக் குறைப்பதற்கான 1997இன் கியோட்டோ ஒப்பந்தத்துக்கு வழி திறந்தது அங்கே எடுத்த முடிவுதான்.

2020 ஏப்ரலில் அவர் கொரோனா பற்றிப் பேசியதைக் கேட்டுப் பாருங்கள். ஒருவரிடமிருந்து சராசரியாக ஒருவருக்குத் தொற்றினால் சமாளிக்கலாம், அது 1.1 ஆனால் அக்டோபரில் தீவிர சிகிச்சைப் படுக்கைகள் போதாமல் போகும், 1.2 ஆனால் ஜூலையில், 1.3 ஆனால் ஜூனிலேயே. பயமுறுத்தல் இல்லை. தசம புள்ளிக்குப் பின்னால் ஒரு எண் மாறினால் எத்தனை மாதம் பறிபோகும் என்பதைச் சாதாரண ஜனங்களுக்குப் புரியவைத்தார். அந்தச் சமயத்தில் மற்ற நாட்டுத் தலைவர்கள் எப்படிப் பேசினார்கள் என்பது உங்களுக்கும் நினைவிருக்கும்.

அறிவியல் படித்தவர் எடுத்தார் என்பதற்காக எல்லா முடிவும் சரியாகிவிடாது. அணு உலைகளின் ஆயுளை 2010இல் நீட்டித்தவர், 2011இல் ஜப்பானின் ஃபுகுஷிமா அணு உலை விபத்துக்குப் பிறகு சில நாட்களிலேயே பழைய உலைகளை மூட உத்தரவிட்டார். அபாயத்தைத் தான் பார்க்கும் விதம் மாறிவிட்டது என்று காரணம் சொன்னார். அதை என்னால் ஏற்க முடிகிறது. ரஷ்ய எரிவாயு விஷயத்தில் ஏற்க முடியவில்லை. ரஷ்யா 2014இல் கிரீமியாவைப் பிடித்த பிறகும், கடலுக்கடியில் இன்னொரு குழாய் போடும் திட்டத்தை வெறும் வியாபாரம் என்று சொல்லி அனுமதித்தார். சார்பு எவ்வளவு கூடுகிறது என்ற கணக்கு அவர் கண்ணுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. 16 வருட ஆட்சியில் அவர் மேல் எனக்குள்ள பெரிய குறை அதுதான்.