நகராட்சி சுகாதாரப் பிரிவின் சம்பளப் பட்டியலை யார் சரிபார்க்கிறார்கள்?

உங்கள் கேள்வி இது: எங்கள் நகராட்சியில் தூய்மைப் பணிக்கும் கொசு ஒழிப்புக்கும் மாதாமாதம் லட்சக்கணக்கில் சம்பள பில் போகிறது, தெருவில் அத்தனை ஆட்களைப் பார்க்க முடியவில்லை, இதை யாராவது சரிபார்க்கிறார்களா?

நான் உள்ளாட்சி நிதித் தணிக்கையில் 26 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அதில் பாதிக்கு மேல் நகராட்சி அலுவலகங்களில்தான் கழிந்தது. சரிபார்க்கிறார்கள் என்பதுதான் பதில். ஆனால் தாளைத் தாளோடு வைத்துத்தான் பெரும்பாலும் பார்க்கிறார்கள். தாளை ஆளோடு வைத்துப் பார்ப்பது குறைவு.

பணம் போகும் வழியை முதலில் சொல்லிவிடுகிறேன். காலை ஐந்தே முக்கால், ஆறு மணிக்கு வார்டில் ஓரிடத்தில் ஆட்கள் கூடுவார்கள். மேஸ்திரியோ மேற்பார்வையாளரோ மஸ்டர், அதாவது வருகைப் பதிவு, எடுப்பார். மாதக் கடைசியில் சுகாதார ஆய்வாளர் அதற்குச் சான்று தருவார். அதை வைத்து ஒப்பந்ததாரர் பில் போடுவார். நகர்நல அலுவலர் பரிந்துரைத்து, கணக்குப் பிரிவு பிடித்தங்களைப் பார்த்து, ஆணையர் ஒப்புதல் தந்தால் ஒப்பந்ததாரர் கணக்குக்குப் பணம் போய்விடும். இத்தனை கையெழுத்தில் ஆளைக் கண்ணால் பார்த்துப் போட்டது அந்த முதல் கையெழுத்து ஒன்றுதான். மற்றவர்கள் எல்லாம் அதை நம்பிப் போடுகிறவர்கள். தணிக்கைக்கு நாங்கள் போய் உட்காரும்போது ஆண்டே முடிந்திருக்கும். எங்கள் முன்னால் இருப்பது நாடா கட்டிய காகிதக் கட்டுதான்.

இது சின்ன ஊர் விவகாரம் என்று நினைக்க வேண்டாம். டெல்லி மாநகராட்சி விரல்ரேகை வருகைப் பதிவு கொண்டுவந்த பிறகு, 2009 நவம்பரில் ஒரு கணக்கை அறிவித்தது. சம்பளப் பட்டியலில் 1,27,094 பேர் இருந்தார்கள். ஆளாக இருந்தவர்கள் 1,04,241 பேர். மிச்சம் 22,853 பெயர்களுக்கு ஆளே இல்லை என்றும், அந்தப் பெயர்களுக்கு மாதம் சுமார் 17 கோடி ரூபாய் போய்க்கொண்டிருந்தது என்றும் அப்போது சொன்னார்கள்.

நான் நேரில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம். டெங்கு சீசனில் வீடு வீடாகப் போய்க் கொசுப்புழு பார்க்கிற பணியாளர்கள் இருப்பார்கள், டி.பி.சி. என்போம். அந்த நகராட்சி 60 பேருக்கு பில் கொடுத்திருந்தது. மஸ்டர், சான்று, வவுச்சர் எல்லாம் ஒன்றோடொன்று பைசா சுத்தமாகப் பொருந்தின. எனக்கு உறுத்தியது மஸ்டர் புத்தகம்தான். அக்டோபர், நவம்பர், விடிந்தும் விடியாத நேரத்தில் மழையில் நின்று எடுத்த மஸ்டர் அது. ஒரு பக்கத்தில்கூட ஈரம் பட்ட அடையாளம் இல்லை. மை ஊறவில்லை, ஓரம் மடங்கவில்லை. இரண்டு மாதமும் ஒரே பேனா, ஒரே சாய்வில் எழுத்து. 60 பேரில் ஒருவருக்குக்கூட ஒரு நாள் காய்ச்சல் வரவில்லை, ஒருவர் வீட்டிலும் துக்கம் இல்லை.

மஸ்டரை மூடி வைத்துவிட்டு, கொசுப்புழுவைக் கொல்லும் அபேட் மருந்தின் இருப்புப் பதிவேட்டைக் கேட்டேன். கொசுப்புழு பார்க்கப் போகிறவர் அந்த மருந்து இல்லாமல் கிளம்ப முடியாது. அதைக் கொடுப்பவர் ஸ்டோர்காரர். அவருக்கும் சம்பள பில்லுக்கும் சம்பந்தம் கிடையாது, அதனால் அவர் நடந்ததை நடந்தபடி எழுதியிருந்தார். எந்த நாளிலும் 38 பேருக்கு மேல் மருந்து வாங்கவில்லை. மறுநாள் இரண்டு தெருவுக்கு நடந்தே போனேன். வந்து பார்த்த தேதியை எழுத வீட்டுச் சுவரில் ஒரு அட்டை ஒட்டியிருப்பார்கள் இல்லையா, அதைப் பார்த்தேன். வாரா வாரம் வந்ததாகப் பதிவேட்டில் இருந்த வீடுகளில் அட்டை மாதத்துக்கு ஒரு தேதியைத்தான் காட்டியது. தணிக்கைத் தடை எழுதினேன். அந்த 22 பேருடைய கூலி பெரிய தொகைதான். அதைவிட, அந்த 22 பேரும் போயிருக்க வேண்டிய வீடுகளுக்கு அந்த மழைக்காலம் முழுக்க யாரும் போகவில்லை என்பதுதான் என் மனதை அதிகம் அறுத்தது. குழந்தைகள் இருந்த வீடுகள் அவை.

அதிலிருந்து என் பழக்கமே மாறிவிட்டது. ஒரு சம்பள பில்லைப் பார்க்க வேண்டுமென்றால் அதில் லாபம் இல்லாத ஒருவர் எழுதிய பதிவேட்டை முதலில் தேடுவேன். எத்தனை கையுறை, எத்தனை துடைப்பம் கொடுத்தார்கள்? குப்பை வண்டி எத்தனை நடை போனது? எடைமேடைச் சீட்டில் என்ன எடை? ஆள் இருந்தால் இவற்றில் எங்காவது அவர் தடம் இருக்கும்.

இனி இதன் மறுபக்கம். இதைப் பற்றி வெளியே அதிகம் பேசமாட்டார்கள். இல்லாத ஆளுக்குச் சம்பளம் போவது பொதுப் பணத்துக்கு இழப்பு. இருக்கிற ஆளுக்குப் போக வேண்டியது போகாமல் இருப்பது ஒரு குடும்பத்தின் இழப்பு. இரண்டையும் ஒரே கட்டுக்குள் பார்த்திருக்கிறேன்.

நாள் கூலி 400 ரூபாய், மாதம் 26 நாள் என்று வைத்துக்கொள்வோம். 10,400 ரூபாய். பி.எஃப். 12 சதவீதம் பிடித்தால் 1,248. முதலாளி பங்கும் அதே அளவு. ஆக ஒரு ஆளுக்கு மாதம் 2,496 ரூபாய் அவர் பெயரில் கட்டியாக வேண்டும், வருடத்துக்கு 29,952. 60 பேர் என்றால் கிட்டத்தட்ட 18 லட்சம். முதலாளி பங்கையும் ஒப்பந்ததாரர் பில்லில் சேர்த்து நகராட்சியிடம் வாங்கிவிடுகிறார். அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்டியதற்கு ஆதாரமாக ஒரு சலான் நகலை இணைக்கிறார். கணக்குப் பிரிவும் சலான் இருக்கிறதா என்று பார்த்து டிக் அடித்துவிடுகிறது.

ஒரு வருடம் ஒரு நகராட்சியை முடித்துவிட்டு, இரண்டு மாதம் கழித்து வேறொரு நகராட்சிக்குப் போனேன். அங்கேயும் அதே ஒப்பந்ததாரர். பில்லோடு இருந்த பி.எஃப். சலானைப் பார்த்ததும் எங்கேயோ பார்த்த எண்ணாகப் பட்டது. பழைய குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தால் அதே சலான், அதே தொகை. ஒரே சலானை இரண்டு ஊரிலும் காட்டியிருக்கிறார். விசாரித்ததில் மூன்றாவது ஊரிலும் அதுவே இருந்தது. ஒவ்வொரு ஊரிலும் கோப்பு சரியாகத்தான் இருந்தது. மூன்று கோப்பையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்க அதுவரை யாருக்கும் வாய்ப்பு வரவில்லை.

சலானில் மொத்தத் தொகை மட்டும்தான் இருக்கும். யார் யாருக்காகக் கட்டினார்கள் என்பது இ.சி.ஆர். என்கிற பெயர்ப் பட்டியலில்தான் தெரியும். அந்தப் பட்டியலை மஸ்டரோடு பெயர் பெயராக ஒப்பிடாமல் எந்த பில்லையும் பாஸ் பண்ணக் கூடாது என்று நான் போன ஊரிலெல்லாம் சண்டை போட்டிருக்கிறேன்.

தொழிலாளர்களுக்கான மருத்துவக் காப்பீடான இ.எஸ்.ஐ.-யும் இப்படித்தான். தொழிலாளி பங்கு வெறும் 0.75 சதவீதம், 10,400-க்கு 78 ரூபாய். சின்னத் தொகை என்று யாரும் கவனிப்பதில்லை. ஆனால் உடம்பு முடியாமல் படுத்த நாட்களுக்குப் பணம் கிடைக்க வேண்டுமென்றால் ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாளாவது கட்டியிருக்க வேண்டும். குப்பையிலும் சாக்கடையிலும் நிற்கிற மனிதருக்கு அந்த 78 ரூபாய் எவ்வளவு முக்கியம் என்று யோசித்துப் பாருங்கள்.

"அது கான்ட்ராக்டர் பொறுப்பு சார், எங்களுக்குச் சம்பந்தமில்லை" என்ற பதிலை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1970-ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தின் 21-ஆம் பிரிவு, ஒப்பந்ததாரர் கூலி கொடுக்கும்போது முதன்மை வேலையளிப்பவரின் ஆள் உடனிருக்க வேண்டும் என்றது; அவர் கொடுக்கத் தவறினால் முதன்மை வேலையளிப்பவரே கொடுத்துவிட்டு அவரிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும். இங்கே முதன்மை வேலையளிப்பவர் நகராட்சிதான். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் தொகுப்புச் சட்டத்திலும் ஒப்பந்ததாரர் தவறினால் கூலி கொடுக்கும் பொறுப்பு தொடர்கிறது. பி.எஃப். சட்டமும் 2011 ஜனவரியிலிருந்து நகராட்சிகளுக்கும் மாநகராட்சிகளுக்கும் நீட்டிக்கப்பட்டுவிட்டது.

2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை வாசலில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலத் தூய்மைப் பணியாளர்கள் 13 நாள் உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருப்பீர்கள். தனியார் ஒப்பந்தத்துக்குப் போனால் சம்பளம் குறையும் என்று அவர்கள் பயந்ததை வீம்பு என்று சிலர் எழுதினார்கள். அந்தக் கட்டுகளை வருடக்கணக்கில் பிரித்துப் பார்த்த எனக்கு அந்தப் பயம் நன்றாகப் புரிந்தது.

முகப்பதிவு, விரல்ரேகை வந்துவிட்டதே, போதாதா என்று சிலர் கேட்பார்கள். இல்லாத ஆளை அது ஓரளவு தடுக்கும், மறுக்கவில்லை. ஆனால் வருடக்கணக்கில் துடைப்பம் பிடித்துத் தேய்ந்த விரலில் ரேகை விழுவதில்லை. வந்து நின்றும் மெஷின் எடுக்காததால் ஒரு நாள் கூலி போனவர்களைப் பார்த்திருக்கிறேன். மெஷின் வைத்தால் அது எடுக்காதபோது கையால் எழுத ஒரு பதிவேடும், அதற்கு இரண்டு பேர் சாட்சியும் கட்டாயம் வேண்டும்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, நகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். "ஊழல் நடந்ததா" என்று கேட்டால் பதில் வராது. ஒரே ஒரு மாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த மாதத்து மஸ்டர், ஒப்பந்ததாரர் பில், பி.எஃப். சலானோடு சேர்ந்த இ.சி.ஆர்., மருந்து இருப்புப் பதிவேடு ஆகியவற்றைக் கேளுங்கள். பதிவேடுகளை நேரில் பார்த்துக் குறிப்பெடுக்கவும் உரிமை உண்டு, அதையும் சேர்த்துக் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். தொழிலாளர்களின் வங்கிக் கணக்கு எண், ஆதார் எண் எதையும் கேட்காதீர்கள், மறைத்துவிட்டே தரச் சொல்லுங்கள். ஒப்பந்ததாரர் எத்தனை பேருக்கு, எந்த மாதம், எவ்வளவு பி.எஃப். கட்டினார் என்பதை பி.எஃப். நிறுவனத்தின் இணையதளத்தில் நிறுவனப் பெயரைத் தேடி யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். மூன்று ஊரில் 185 பேருக்கு பில் வாங்குகிறவர் 70 பேருக்குத்தான் கட்டியிருக்கிறார் என்றால் அங்கேயே தெரிந்துவிடும்.

நகராட்சிப் பக்கத்தில் இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒன்றைச் செய்யுங்கள். பில் பாஸ் ஆவதற்கு முன்னால் அந்த மாதப் பட்டியலை மஸ்டர் எடுக்கிற இடத்தில் ஒட்டிவிடுங்கள். பெயர், வேலை பார்த்த நாள், கூலி, பிடித்தம், அவ்வளவு போதும். நான் போன ஒரு நகராட்சியில் ஒரு ஆணையர் அப்படி ஒட்டச் சொன்னார். முதல் நாளே "இந்தப் பேர்ல இங்க யாருமே கிடையாது" என்று இரண்டு பெயரைக் காட்டிவிட்டார்கள்.

அந்த மூன்று ஊர் சலான் விஷயத்தில், முதல் ஊர் நகராட்சி ஒப்பந்ததாரரின் அடுத்த பில்லை நிறுத்தி வைத்துப் பாக்கியைக் கட்ட வைத்தது. கொஞ்ச நாள் கழித்து அங்கே போனபோது, ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு அம்மா என்னைத் தேடி வந்து போனை நீட்டினார். பி.எஃப். ஏறியதாகக் குறுஞ்செய்தி வந்திருந்தது.

"இன்னும் மூணு மாசம் வரணும் சார்" என்றார்.

இ.சி.ஆர். பட்டியலை எடுத்து மாதம் மாதமாகப் பார்த்தேன். ஏப்ரல், மே, ஜூன் மூன்றிலும் அவர் பெயர் இல்லை.