பில்லி த கிட் இடக்கையனா?

அன்புள்ள ஐயா,

அமெரிக்க மேற்கின் பழைய உருவப்படங்களின் நகல்களைச் சேர்க்கிறேன். எழுபதுக்கு மேல் சேர்ந்துவிட்டது. அங்கே பேர்போன கொள்ளைக்காரன் பில்லி த கிட் படம் மட்டும் இரண்டு. ஒன்றில் கைத்துப்பாக்கி இடது இடுப்பில் தொங்குகிறது, மற்றதில் வலது இடுப்பில். எது சரி? ‘நகலை யாராவது சேர்ப்பார்களா’ என்று ஒரு நண்பர் வேறு கிண்டல் செய்கிறார்.

ச.

அன்புள்ள ச.,

வலது இடுப்புதான் சரி. ஆனால் அசல் படத்தில் இருப்பது இடது!

நியூ மெக்ஸிகோவின் ஃபோர்ட் சம்னரில் 1880 வாக்கில் எடுத்த டின்டைப் அது. பெயரில்தான் டின், தகடு என்னவோ இரும்பு. இதில் நெகட்டிவே கிடையாது. கேமராவுக்குள் வைத்த தகடே படமாகிவிடும். அதனால் கண்ணாடியில் பார்ப்பதுபோல இடம் வலமாக விழும். இது தெரியாமல் அவனை இடக்கையன் என்று நம்பி, சினிமா வரை கொண்டுபோய்விட்டார்கள். கையில் பிடித்திருக்கும் 1873 மாடல் வின்செஸ்டர் நீளத்துப்பாக்கியைப் பாருங்கள். தோட்டா போடும் வாய் அந்தத் துப்பாக்கிக்கு வலப்பக்கம்தான் உண்டு. அசல் தகட்டில் அது இடப்பக்கம் தெரிகிறது. துப்பாக்கி இல்லாத டின்டைப் என்றால் ஆண்களின் சட்டைப் பொத்தானைக் கவனியுங்கள், பெரும்பாலும் அதுவே காட்டிக்கொடுத்துவிடும். உங்கள் இரண்டு படங்களையும் அருகருகே வையுங்கள், எதையும் தூக்கிப் போட வேண்டாம்.

அப்புறம் உங்கள் நண்பர். அந்த அசல் தகடு 2011இல் டென்வரில் 23 லட்சம் டாலருக்கு ஏலம் போனது, அவருக்கு வசதிப்படுமா என்று கேளுங்கள். கண்ணாடி நெகட்டிவ் வந்தபின் ஸ்டூடியோக்காரர்கள் ஒரே முகத்தை அட்டையில் ஒட்டி ஒட்டி விற்றுத்தான் பிழைத்தார்கள். 1904 செயின்ட் லூயிஸ் கண்காட்சியில் அப்பாச்சி பழங்குடித் தலைவர் ஜெரோனிமோவே, அதுவும் கைதியாக இருந்தபடி, தன் படத்தை 25 சென்ட்டுக்கு விற்றார். அதில் அவர் வைத்துக்கொள்ள விட்டது 10 சென்ட். அந்த அட்டைகளும் நகல்தானே?

எனக்கு உள்ள கவலை வேறு. நல்ல நகல் இரண்டு கை மாறினால் அசலாகிவிடும். பின்பக்கம் ‘நகல்’ என்று பென்சிலால் எழுதிவிடுங்கள், மை வேண்டாம். எழுபதில் லகோட்டா பழங்குடித் தலைவர் கிரேஸி ஹார்ஸ் என்று பெயர் போட்டது ஏதும் இருந்தால், பெயருக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் சேருங்கள். அவருடையது என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட படம் இதுவரை ஒன்றுகூட இல்லை.