கடலோர மீன் கண்காணிப்பில் சூழல் டி.என்.ஏ. முறைக்கு (தண்ணீரில் கலந்திருக்கும் டி.என்.ஏ.வை வைத்து மீன்களைக் கண்டறிவது) மாறப் போகிறோம். வலை போட்டுப் பார்ப்பதைக் கைவிடலாமா? முதலில் எதை வாங்குவது?

வலையைக் கைவிடாதீர்கள். முதலில் வாங்க வேண்டியது ப்ளீச். அடுத்தது, யாரும் சாப்பாட்டுப் பொதியோடு நுழையாத ஒரு தனி அறை. இயந்திரம் அதற்குப் பிறகுதான். அவசரத்தில் இருப்பவர்களுக்கு இவ்வளவு போதும். மற்றவர்களுக்கு, இதை நான் எப்படிக் கற்றேன் என்று சொல்கிறேன்.

கேள்வியைப் பார்த்தால் நீங்கள் ஒரு சின்னக் குழு என்று நினைக்கிறேன். கொஞ்சம் நிதி கிடைத்திருக்கும். "ஒரு போத்தல் தண்ணீர் போதும், கடலில் உள்ள மீனெல்லாம் தெரிந்துவிடும்" என்று மேலே யாரோ சொல்லியிருப்பார்கள். எங்களுக்கும் அப்படித்தான் சொன்னார்கள்.

நான் இலங்கையில் தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். 2021 கடைசியிலிருந்து ஒன்றரை வருடம் மலையகத்தில் ஓர் ஆய்வுகூடத்தில் உதவியாளராக இருந்தேன். தண்ணீர் அள்ளியது திருகோணமலை மாவட்டத்தில் மூதூர்ப் பக்கம், கொட்டியாரக் குடாவில். வடிகட்டியதும் டி.என்.ஏ. பிரித்ததும் மேலே மலையில். தோட்டத்துப் பிள்ளைக்குக் கடலைப் பற்றி என்ன தெரியும் என்று என் முகத்துக்கு நேரே கேட்டவர்கள் உண்டு, இங்கேயும் யாராவது கேட்கக்கூடும். கொட்டியாரக் குடாவில் வந்து விழுவது மகாவலி. எங்கள் லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) கீழே ஓடும் கொத்மலை ஓயா போய்ச் சேர்வதும் அதே மகாவலியில்தான். அந்தத் தண்ணீரை மேலேயும் பார்த்திருக்கிறேன், கீழேயும் பார்த்திருக்கிறேன். என்னிடம் முனைவர் பட்டம் இல்லை. போத்தல் கழுவினேன், வடிகட்டினேன், குறிப்புப் புத்தகம் எழுதினேன். அந்த இடத்தில் நின்று பார்த்ததைத்தான் சொல்கிறேன்.

முறை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: மீன் நீந்தும்போது அதன் வழுவழுப்பு, செதில், கழிவு எல்லாம் தண்ணீரில் கலக்கிறது. அதில் அந்த மீனின் டி.என்.ஏ. இருக்கிறது. தண்ணீரை மெல்லிய வடிதாளில் இழுத்து, தாளில் தங்கியதிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்து, மீன்களுக்குப் பொதுவான ஒரு சின்னத் துண்டை மட்டும் பல மடங்கு பெருக்கி, எழுத்தெழுத்தாக வாசித்து, ஏற்கெனவே சேர்த்து வைத்திருக்கும் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். கடலில் இது நடக்கும் என்று 2012இல் டென்மார்க்கில் காட்டினார்கள். அரை லீட்டர் மாதிரிகளிலிருந்தே 15 மீன் இனங்கள் கிடைத்தன. 2015இல் ஜப்பானியர்கள் 'மிஃபிஷ்' என்ற முறையை வெளியிட்டார்கள். ஓகினாவாவின் பெரிய மீன்காட்சியகத் தொட்டிகளில் இருந்த 180 இனங்களில் 168ஐத் தண்ணீரை வைத்தே கண்டுபிடித்தது அது. நாங்களும் அதைத்தான் பயன்படுத்தினோம். ஆகவே நான் இந்த முறைக்கு எதிரி என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். முதல் அட்டவணை வந்த அன்று எனக்கு அழுகையே வந்தது. அழுததற்கு வேறொரு காரணமும் இருந்தது, அதற்கு வருகிறேன்.

முதல் பயணம் 2022 பெப்ரவரியில். வான் ஒன்றில் ரெஜிபோம் பெட்டியும் ஐஸும் ஏற்றிக்கொண்டு போனோம். ஒவ்வொரு இடத்திலும் கடல்நீர்ப் போத்தல்களோடு இன்னொரு போத்தலும் இருக்கும். அதில் சுத்தமான காய்ச்சி வடித்த நீர். அதையும் கடற்கரையில் திறந்து, மூடி, அதே ஐஸில் வைத்து, அதே மேசையில் வடிகட்ட வேண்டும். நாங்கள் அதை 'வெறும் போத்தல்' என்போம். அதில் ஒன்றும் வரக் கூடாது. வந்தால், நம் கையிலிருந்தோ மேசையிலிருந்தோதான் வந்திருக்கிறது என்று அர்த்தம்.

மாதிரிகளை வாசிக்க வெளிநாட்டுக்கு அனுப்பினோம். முடிவு ஜூலையில் வந்தது. வெறும் போத்தலில் சூரை மீன் இருந்தது.

எனக்கு மேலே இருந்தவர் அட்டவணையைப் பார்த்துவிட்டு, "அந்த வரிசையை எடுத்துவிடும்மா. திருகோணமலைக் கடலில் சூரை இருக்கிறதுதானே, யாரும் கேட்கப் போவதில்லை" என்றார். அவரைக் குறை சொல்லி எழுதவில்லை. அறிக்கை கொடுக்க நாள் நெருங்கியிருந்தது, அவர் தலைக்கு மேலேயும் ஆட்கள் இருந்தார்கள். ஆனால் கடலில் சூரை இருப்பதுதானே சிக்கல்? பனிக்கரடி வந்திருந்தால் தவறு என்று எல்லாருக்கும் உடனே தெரிந்திருக்கும். சூரை கடலிலும் இருக்கும், நம் மேசையிலும் இருக்கும் என்றால் எது எதிலிருந்து வந்தது என்று எப்படிப் பிரிப்பது? "எடுக்க மாட்டேன் சேர்" என்றேன். அந்த அறையில் நான் முதன்முதலாக மறுத்துப் பேசியது அன்றுதான்.

குறிப்புப் புத்தகத்தைப் புரட்டினேன். வடிகட்டிய நாட்களில் கான்டீன் மூடியிருந்தது, சமையல் வாயு இல்லை. எங்கள் வீட்டில் விறகு அடுப்பு, அதனால் அம்மா ரொட்டி சுட்டு, மாசிச் சம்பல் இடித்து, எல்லாருக்கும் சேர்த்துக் கட்டிக் கொடுத்திருந்தார். வெளியே மழை, உட்கார இடமில்லாமல் வடிகட்டும் அறையிலேயே சாப்பிட்டோம். மாசி என்பது சூரையை அவித்து, புகை போட்டு, காய வைத்தது. அப்படிக் காய்ந்த மீனிலும் சின்னச் சின்ன டி.என்.ஏ. துண்டுகள் மிஞ்சி இருக்கும். மிஃபிஷ் தேடும் துண்டு ஏறக்குறைய 170 எழுத்து நீளந்தான், அந்த அளவு தப்பிப் பிழைத்துவிடுகிறது. பெருக்கும்போது ஒவ்வொரு சுற்றிலும் இரட்டிப்பாகும். 35 சுற்று ஓடினால் ஒரு துண்டு கணக்குப்படி 3,400 கோடியைத் தாண்டும். விரலில் ஒட்டிய மாசித் தூள் எவ்வளவு ஆகும் என்று நீங்களே பாருங்கள்.

நாங்கள் சுத்தமில்லாதவர்கள் இல்லை. தினமும் மேசையை அல்ககோல் போட்டுத் துடைத்தோம். கிருமியைக் கொல்ல அது போதும், டி.என்.ஏ. அதற்கு அழியாது. பத்து வீத ப்ளீச் கரைசலை ஊற்றி, பத்து நிமிடம் விட்டு, பிறகு நல்ல நீரால் கழுவ வேண்டும். இதை எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சந்தேகம் தீர, அதே மேசையில் சுத்த நீரை மறுபடி வடிகட்டிப் பெருக்கிப் பார்த்தேன். மீன் இருப்பதற்கான கோடு விழுந்தது. மாடியில் பூட்டிக் கிடந்த ஒரு சாமான் அறையை ப்ளீச்சால் கழுவி, அங்கே செய்தேன். கோடு விழவில்லை. அந்தத் தொகுதி முழுவதிலும் சூரையை நீக்கினோம், ஏன் நீக்கினோம் என்று அறிக்கையில் எழுதவும் வைத்தேன். அட்டவணை வந்த அன்று அழுததற்கு மற்றக் காரணம் இதுதான். அம்மா ஆசையாகக் கட்டித் தந்த சாப்பாடு ஒரு பயணத்தின் உழைப்பைக் கெடுத்துவிட்டது என்பதை அவரிடம் இன்றுவரை சொல்லவில்லை.

அப்புறம் மின்சாரம். அந்த வருடம் மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம்வரை வெட்டினார்கள். குளிர்பெட்டியில் இருந்த வடிதாள்கள் உருகி உறைந்து உருகின. அதற்குப் பிறகு லாங்மயர் கரைசலுக்கு மாறினோம். வடிதாளை அதில் போட்டு வைத்தால் சாதாரண அறை வெப்பத்திலேயே வாரக்கணக்கில் தாங்கும். தண்ணீரை மலைக்கு ஏற்றி வந்து வடிகட்டுவதையும் நிறுத்திவிட்டு, கடற்கரையிலேயே கைப்பம்பால் வடிகட்டினோம். மழைக்காலத்தில் மகாவலிச் சேறு தாளை அடைத்துவிடும், அரை லீட்டர் இழுப்பதற்குள் கை விட்டுப்போகும். இருந்தாலும் அதுதான் சரி. உங்கள் நிதியில் பெரிய குளிர்பெட்டி இருந்தால் இதை யோசியுங்கள்.

இப்போது வலை விஷயம். மூதூரில் எங்களைப் படகில் ஏற்றிப்போன காக்கா ஒருவர் (அங்கே முஸ்லிம்கள் அண்ணனை அப்படித்தான் அழைப்பார்கள்) முதல் நாளே கேட்டார்: "தங்கச்சி, இந்தத் தண்ணி எத்தின கிலோ மீன் எண்டு சொல்லுமா?" சொல்லாது. மீன் எவ்வளவு நீளம், எத்தனை வயது, சினையாக இருக்கிறதா, இதெல்லாம் போத்தலில் இல்லை. டி.என்.ஏ. அதிகம் வந்தால் மீன் அதிகம் என்று ஓரளவு ஊகிக்கலாம், அவ்வளவுதான். எவ்வளவு பிடிக்கலாம் என்று முடிவெடுக்கிறவர்களுக்கு நீளமும் வயதும் வேண்டும். 2018இல் நான்சன் ஆய்வுக் கப்பல் நம் கடலைச் சுற்றி வந்து இழுவை வலை போட்டது அதற்காகத்தான். அதற்கு முன்பு அந்தப் பெயருடைய கப்பல் இங்கே அப்படிக் கணக்கெடுத்தது 1978–80இல். இடையில் ஏறக்குறைய நாற்பது வருட இடைவெளி. அந்த இடைவெளிகளில் போத்தல் உதவும். வலையில் சிக்காததை, பாறை இடுக்கில் ஒளிந்திருப்பதை, புதிதாக வந்தேறியதைக் காட்டும். இரண்டையும் ஒரே நாளில் ஒரே இடத்தில் செய்து, சில வருடம் ஒப்பிட்ட பிறகுதான் எதைக் குறைக்கலாம் என்று பேச வேண்டும்.

"இங்கிலாந்தில் அரசே ஏற்றுக்கொண்டதே" என்று ஒருவர் கட்டாயம் எழுதுவார். உண்மைதான், 2014இலிருந்து. ஆனால் அது நியூட் என்ற, பல்லி போலத் தோன்றும், தவளைக்கு உறவான ஒரே ஓர் உயிருக்கு. குளத்தில் அது இருக்கிறதா இல்லையா என்ற ஒரே கேள்விக்கு. குளம் நகராது, கடல் நகர்கிறது.

நகர்வது என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. ஆற்றுமுகத்துக்குக் கிட்ட எடுத்த மாதிரிகளில் நன்னீர் மீன்களும் வந்தன. எங்கள் ஓயாவிலிருந்து வந்ததாக இருக்குமோ என்று ஒரு நிமிடம் நெஞ்சு அடித்துக்கொண்டது. இருக்காது. சுவிட்சர்லாந்தில் ஓர் ஆற்றில் பார்த்தபோது முதுகெலும்பில்லாத உயிர்களின் டி.என்.ஏ. 12 கிலோமீட்டர் அளவுக்குத்தான் தெரிந்தது. மகாவலி 335 கிலோமீட்டர், நடுவே எத்தனை அணை. கிட்ட இருக்கும் ஆற்றுமுகத்திலிருந்தே வந்திருக்கும், அப்படியே எழுதினேன். நீங்களும் இதைக் கவனியுங்கள்: நகரக் கழிவு கலக்கும் இடத்தில் மக்கள் சாப்பிட்ட மீனும் போத்தலில் வரும்.

ஒப்பிடும் பட்டியலுக்கும் காசு ஒதுக்குங்கள். நம் கடல் மீன்கள் பல அதில் இல்லை. சந்தைக்குப் போய், மீன் தெரிந்தவரை அருகில் வைத்து அடையாளம் கண்டு, படம் எடுத்து, துடுப்பில் ஒரு துண்டு வெட்டி வைக்க வேண்டும். மஞ்சள் துடுப்புச் சூரையையும் பெருங்கண் சூரையையும் மிஃபிஷால் பிரிக்கவே முடியாது, அதற்கு வேறு டி.என்.ஏ. துண்டைப் பார்க்க வேண்டும்.

கேள்விக்கு வெளியே ஒன்று, பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த வேலை முடிந்ததும் ஒரு பயிற்சிக்கு விண்ணப்பித்தேன். நேர்முகத் தேர்வுக் கடிதம் தபாலில் வந்தது. எங்கள் லயத்துக்குத் தனி முகவரி கிடையாது, எல்லாக் கடிதமும் தோட்டத்து ஆபீசுக்குத்தான் போகும். அங்கே கிடந்து என் கைக்கு வந்தபோது தேர்வு முடிந்து நான்கு நாள். நான் கடலில் அள்ளிய ஒவ்வொரு குழாய்க்கும் இடம், நாள், மணி, அகலாங்கு, நெட்டாங்கு எழுதி ஒட்டினேன். ஒன்றுகூடத் தொலையவில்லை. இருநூறு வருடமாக மலையில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு ஓர் இலக்கம் இல்லை. இதைச் சொன்னால் ஈமெயில் கேட்டிருக்கலாமே என்பார்கள். கேட்டேன், தபாலில்தான் அனுப்புவோம் என்றார்கள்.

சரி. உங்களுக்கு என் யோசனை: முதல் மாதம் கடலுக்கே போகாதீர்கள். பத்து வெறும் போத்தல்களை எடுத்து, கடலுக்குப் போய் வந்தது போலவே எல்லாம் செய்து, வடிகட்டிப் பெருக்கிப் பாருங்கள். பத்திலும் கோடு விழாமல் இருந்தால் படகுக்குச் சொல்லுங்கள். விழுந்தால், யார் எங்கே உட்கார்ந்து சாப்பிட்டார்கள் என்று கேளுங்கள். போத்தல் கழுவுகிறவரிடம் முதலில் கேளுங்கள், அவருக்குத் தெரிந்திருக்கும்.