நானோ துகள் வைத்து மலிவாக டெங்கு பரிசோதனைப் பட்டை செய்ய முடியுமா?

முடியும். அந்தத் துகள் தங்கம் என்றதும் செலவை நினைத்துத் தயங்குகிறீர்கள் போல. பட்டையில் சிவப்புக் கோடாகத் தெரிவது பெரும்பாலும் 20 முதல் 40 நானோமீட்டர் அளவுள்ள தங்கத் துகள்தான். ஒரு பட்டைக்குப் போகும் தங்கம் மிகச் சொற்பம். காசைத் தின்பது அதில் ஒட்டவைக்கும் ஆன்டிபாடி, அதாவது டெங்குப் புரதத்தைப் பிடிக்கும் புரதம்.

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது நானும் இந்தத் தங்கத் துகளைச் செய்தேன். கொதிக்கும் தங்க உப்புக் கரைசலில் சிட்ரேட் ஊற்றினால் வெளிர் மஞ்சள் போய், கறுத்து, மாதுளஞ்சாறு போலச் சிவக்கும். எனக்கு மூன்று தடவையும் ஊதாவாகித் துகள்கள் திரண்டுவிட்டன. குடுவையை இராசதிராவகத்தால் (தங்கத்தையே கரைக்கும் அமிலக் கலவை) கழுவிய பிறகே சிவப்பு நின்றது.

இதில் எனக்கு இவ்வளவு பிடிவாதம் வந்தது அண்ணனால். கொழும்பில் கடையில் வேலை செய்தவர், தீபாவளிக்கு எங்கள் தேயிலைத் தோட்ட ஊரான பொகவந்தலாவைக்குக் காய்ச்சலோடு வந்தார். தோட்ட டிஸ்பென்சரியில் பனடோல் கொடுத்தார்கள். காய்ச்சல் விடவில்லை. அம்மா இரண்டு நாள் பேரை (தோட்டத்து நாட்கூலியை) விட்டுவிட்டு அவரை பஸ்ஸில் ஹட்டனுக்குக் கூட்டிப்போனார். ரிப்போர்ட்டுக்கு மறுநாள் வரச் சொன்னார்கள். அது காய்ச்சலின் ஐந்தாம் நாள். டெங்கு வைரஸ் ரத்தத்தில் விடும் என்.எஸ்.1 புரதம் முதல் சில நாட்களில்தான் நன்றாகப் பிடிபடும். ரிப்போர்ட் வருவதற்குள் பிளேட்லெட் இறங்கிவிட்டது. வார்டில் ஆறு நாள் இருந்து பிழைத்து வந்தார்.

என்.எஸ்.1 பட்டை ஏற்கெனவே விற்கிறதே என்று சிலர் சொல்வீர்கள். விற்கிறது, நான் மறுக்கவில்லை. அன்றைக்கு அது டவுன் லேப்பில் இருந்தது, எங்கள் டிஸ்பென்சரியில் இல்லை. பட்டை இருந்தால் டாக்டர் வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை.

   

சரி, உங்கள் ஆய்வுக்கு வருகிறேன். செலவுக் கணக்கில் பஸ் காசையும் போகிற பேரையும் சேருங்கள். அப்புறம், எங்கள் பனிமூட்டத்தை மறக்காதீர்கள். ஒரு பட்டையை எங்கள் லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) ஜன்னலில் ஓரிரவு திறந்து வைத்தேன். காலையில் சொட்டு விட்டதும் திரவம் கோணலாக ஏறி, கோடு கலைந்து போனது. ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்டு அலுமினியத் தாளுறையில் ஒட்டி வைத்ததில் கோடு நேராக விழுந்தது. ஆன்டிபாடி வாங்கக் காசு கட்டுவதற்கு முன்னால் அந்த உறையைச் சரிபண்ணிக்கொள்ளுங்கள்.