முட்டி வலியும் சைக்கிள் சீட்டும்

கேள்வி: வணக்கம்ண்ணா, வயசு 43, பென்னாகரம். ஒகேனக்கல்ல மீன் பொரிக்கிற கடையில வேலை, பையனுக்கு ப்ளஸ் ஒன்ல ஸ்கூல்ல குடுத்த சைக்கிள்லதான் போயிட்டு வரேன். காலைல இறக்கம், தொந்தரவு இல்ல. சாயங்காலம் மேடு ஏறும்போது முட்டி முன்பக்கம், சில்லு கிட்ட பிடிச்சு வலிக்குது. அருவிகிட்ட எண்ணெய் மசாஜ் பண்றவரு தேய்ச்சு விட்டாரு, ராத்திரி சுகமா இருந்துச்சு, மறுநாள் அதே வலி. சைக்கிளை விட்டுடவா?

பதில்: விட வேண்டாம் தம்பி, முதல்ல சீட்டைப் பாருங்க. பையன் உயரத்துக்கு வச்ச சீட்டாத்தான் இருக்கும், அதுபோக நம்ம பக்கம் பாதி பேரு உக்காந்தா ரெண்டு காலும் தரையில முழுசா ஊனணும்னு சீட்டை இறக்கியே வச்சுக்கறாங்க, எனக்கு அதைப் பாக்கும்போதெல்லாம் மனசு பதறும். சீட்டு தாழ்ந்திருந்தா முட்டி ரொம்ப மடங்கின நிலையிலயே மிதிக்கணும், சில்லு போய் தொடை எலும்பு மேல அழுத்தும், மேட்டுல அது இன்னும் கூடும், அதான் வலி முன்பக்கம் வருது. பின்பக்கம் வலிச்சிருந்தா சீட்டு ஓவர் உயரம்னு சொல்லியிருப்பேன்.

சைக்கிளை சுவத்துல சாச்சு ஏறி உக்காந்து, ஒரு பெடலை அடிமட்டத்துக்கு கொண்டு வந்து குதிகாலை அது மேல வைங்க, கால் நேரா நீளணும், இடுப்பு ஒருபக்கம் சாயக்கூடாது. இதான் உங்களுக்கு சரியான சீட்டு உயரம். மிதிக்கும்போது குதிகால்ல இல்லாம முன்பாதத்துல மிதிங்க, அப்போ முட்டி லேசா மடங்கியே இருக்கும், அந்த மடக்கம் வேணும். ஒரே நாள்ல ஏத்தாதீங்க, அரை சென்டிமீட்டர் ஏத்தி ரெண்டு மூணு நாள் ஓட்டி பாத்து அப்புறம் அடுத்தது. சீட்டு பைப் நாலு விரல் அளவாவது ஃப்ரேமுக்குள்ள இருக்கணும், அதுக்கு மேல ஏத்தினா பைப்பே முறிஞ்சுடும், பத்தலைன்னா கடையில நீளமான பைப் கேளுங்க.

கியர் இல்லாத வண்டில மேட்டை ஒரே தம்ல ஏறணும்னு இல்ல, செங்குத்தா வர்ற இடத்துல இறங்கி தள்ளுங்க. பின்சக்கரத்துல செயின் மாட்டுற பல்சக்கரம், அதான் ஃப்ரீவீல், 18 பல்லா இருந்தா 20 இல்ல 22 பல்லு மாத்த சொல்லுங்க, மெக்கானிக் செயினையும் கொஞ்சம் நீட்ட வேண்டியிருக்கும், ஆனா ஏத்தம் மிதிக்க லேசாயிடும். முட்டி வீங்கினாலோ மடக்க முடியாம பூட்டிக்கிட்டாலோ மட்டும் இதெல்லாம் பாத்துட்டு இருக்காம எலும்பு டாக்டர்கிட்ட போயிடுங்க.