ஸ்டேடியத்துக்கு 5,000 ராண்ட் கட்டுமுன் குத்தகைப் பத்திரத்தைக் கேளுங்கள்

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வட்டாரக் கால்பந்து கிளப் 3,000 பேர் உட்காரும் புதிய ஸ்டேடியம் கட்டப்போகிறது. நிலம் மாநகராட்சியுடையது, கிளப் குத்தகைக்கு எடுத்திருக்கிறது. உறுப்பினர் ஆளுக்கு 5,000 ராண்ட் கொடுத்தால் ஆயுள் முழுக்க ஓர் இருக்கை உண்டு, வருமான வரியிலும் கழிவு கிடைக்கும் என்று ஓர் ஆலோசகர் கூட்டத்தில் படம் போட்டுக் காட்டினார். மாதக் கடைசிக்குள் பணம் வேண்டுமாம். கட்டலாமா?

பதில்: இந்த மாதம் கட்டாதீர்கள். அவர் காட்டிய படத்தை மறந்துவிடுங்கள். கம்ப்யூட்டர் படத்தில் புல்லும் பச்சையாக இருக்கும், கூட்டமும் நிறைந்திருக்கும். உங்கள் பணத்தின் கதியைச் சொல்லப்போவது குத்தகைப் பத்திரம்தான்.

தென்னாப்பிரிக்கச் சட்டப்படி நிலத்தோடு நிலையாகச் சேர்ந்த கட்டடம் நிலத்துக்காரருக்கே சொந்தம். கான்கிரீட்டில் ஊன்றிய ஸ்டாண்ட், உடைமாற்றும் அறை, விளக்குக் கம்பம் எல்லாமே, உங்கள் காசில் எழுந்தாலும், மாநகராட்சியின் சொத்து. ஆக, ‘ஆயுள் இருக்கை’ என்பது கிளப் உங்களுக்குக் கொடுக்கும் வாக்கு மட்டுமே. குத்தகை முடிந்த மறுநாள் அதை மாநகராட்சியிடம் கொண்டுபோய்க் காட்டமுடியாது. கிளப் போனாலும் இருக்கை போயிற்று. 1996–97இல் பிஎஸ்எல் என்ற தென்னாப்பிரிக்கத் தொழில்முறைக் கால்பந்து லீக்கின் முதல் சாம்பியனான மானிங் ரேஞ்சர்ஸ் நம் ஊர் அணி. பத்தே ஆண்டில் அது கைமாறி கேப் டவுன் பக்கம் போய்விட்டது; சாட்ஸ்வொர்த் ஸ்டேடியம் இங்கேயே இருக்கிறது.

பத்திரத்தில் மூன்று இடங்களை விரலை வைத்துப் படியுங்கள். முதலாவது, காலம். இரண்டாவது, ரத்து செய்யும் பிரிவு: ‘ஒரு மாத அறிவிப்பில்’ என்றிருந்தால் அங்கே செங்கல் ஒன்றுகூட வைக்கக்கூடாது. மூன்றாவது, மேம்பாடுகள், அதாவது குத்தகை நிலத்தில் நீங்கள் கட்டுபவை, பற்றிய பிரிவு. ‘இழப்பீடு ஏதுமின்றி’ என்ற சொற்கள் பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

காலம் என்ற இடத்தில் ‘9 ஆண்டு 11 மாதம்’ என்று கண்டால் அது தற்செயல் இல்லை. பத்து ஆண்டோ அதற்கு மேலோ உள்ள குத்தகையைப் பத்திரப் பதிவகத்தில், நமக்கு அது பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில், நிலத்தின் உரிமைப் பத்திரத்தின் மேல் பதிவு செய்யவேண்டும். 1969ஆம் ஆண்டின் 18ஆம் சட்டம் சொல்வது இது. பதியாவிட்டால், நிலத்தைப் பின்னால் விலைக்கு வாங்குபவரைப் பத்து ஆண்டுக்கு மேல் அந்தக் குத்தகை கட்டுப்படுத்தாது. பதிவுச் செலவையும் அலைச்சலையும் தவிர்க்கத்தான் ஒரு மாதம் குறைத்து எழுதுகிறார்கள்.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. அதைத் தப்பாகச் சொல்லி ஏமாற்றுபவர்கள் இருப்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நீண்ட குத்தகை பதியப்படாவிட்டாலும், வாங்குபவருக்கு வாங்கும்போதே அது தெரிந்திருந்தால் அவரைக் கட்டுப்படுத்தும். ‘ஸ்டேடியமே கண்ணெதிரே நிற்கிறதே, தெரியாமலா வாங்குவான்’ என்று ஆலோசகர் சொல்வது இதை வைத்துத்தான். ஆனால் ஸ்டாண்ட் தெரிவது வேறு, முப்பது ஆண்டுக் குத்தகை தெரிவது வேறு. அவருக்குத் தெரிந்திருந்தது என்று கோர்ட்டில் காட்டவேண்டிய தலைவலி உங்களுக்கு. இந்த விலக்கு நிலத்தின் மேல் கடன் கொடுத்தவருக்கும் பொருந்தும். அவருக்கும் தெரிந்திருந்தது என்று தனியாகக் காட்டவேண்டும். இன்னொன்று: 9 ஆண்டு 11 மாதக் குத்தகையை இந்த விலக்கு ஒரு நாள்கூட நீட்டாது. அது முடிந்தால் முடிந்ததுதான். முப்பது ஆண்டு பேசினால் முப்பது ஆண்டையும் பதியச் சொல்லுங்கள்.

அடுத்து, குத்தகை கொடுக்க யார் சம்மதித்தார்கள்? வார்டு கவுன்சிலரின் ஆதரவுக் கடிதம் அனுமதி ஆகாது. அதில் முத்திரை இருக்கும், வாழ்த்து இருக்கும், அதிகாரம் மட்டும் இருக்காது. 2008ஆம் ஆண்டின் நகராட்சிச் சொத்து விதிகளின்படி, 1 கோடி ராண்டுக்கு மேல் மதிப்புள்ள சொத்தை மூன்று ஆண்டுக்கு மேல் பயன்படுத்தும் உரிமை கொடுப்பதானால், மாநகராட்சி மன்றக் கூட்டத்துக்கு 60 நாளாவது முன்பே பொது அறிவிப்பு வெளியிட்டு மக்கள் கருத்தைக் கேட்கவேண்டும். ஆகவே மன்றத் தீர்மானத்தின் நகலைக் கேளுங்கள், தேதியோடும் எண்ணோடும். ‘ஃபைல் மேலே போயிருக்கிறது’ என்ற பதில் வந்தால் தீர்மானம் இன்னும் இல்லை என்று அர்த்தம். ஃபைல் எந்த மாடியில் இருக்கிறது என்று அங்கே வேலை பார்ப்பவர்களுக்கே பலநேரம் தெரிவதில்லை.

வரிக் கழிவு வெறும் பேச்சு. பொழுதுபோக்காக ஆடும் அமெச்சூர் விளையாட்டு அமைப்பு தனக்கு வரிவிலக்கு வாங்கலாம். ஆனால் கொடுப்பவருக்குக் கழிவு தரும், வருமான வரிச் சட்டத்தின் 18ஏ பிரிவு ரசீதுக்கான பட்டியலில் அந்த வேலை இல்லை. பதிலுக்கு இருக்கை வாங்கிக்கொண்டால் அது நன்கொடையும் இல்லை. ‘பங்கு’ என்ற சொல் காதில் விழுந்தால் இன்னும் எச்சரிக்கை: இலாப நோக்கற்ற கம்பெனிக்குப் பங்கே கிடையாது. அதைக் கலைத்தால் மிச்சச் சொத்து அதே நோக்கமுள்ள இன்னொரு அமைப்புக்குத்தான் போகும், உறுப்பினர்களுக்கு வராது.

இந்த ஆலோசகர்களைப் பற்றி. லாட்டரி ஆணைய நிதி வாங்கித் தருகிறேன், முன்பணம் பத்து சதவீதம் என்பவரை வாசலோடு அனுப்புங்கள். விண்ணப்பிக்கக் கட்டணமே இல்லை. வீடு கட்டுபவர்களைப் பதிவு செய்யும் என்எச்பிஆர்சி அமைப்பின் சான்றிதழைக் காட்டும் கான்ட்ராக்டருக்கு வீடு கட்டப் பதிவு இருக்கிறது, அவ்வளவே. ஸ்டாண்டுக்கு அது பேசாது. ஸ்டாண்டைக் கணக்குப் போடும் என்ஜினியரின் எக்ஸா (தென்னாப்பிரிக்கப் பொறியியல் மன்றம்) பதிவு எண்ணைக் கேட்டு நீங்களே சரிபாருங்கள். மலைச்சரிவில் ஒரு பக்கம் வெட்டி மறுபக்கம் நிரப்பிய மைதானமானால், நிரப்பிய பக்கத்தில் குழி தோண்டி மண்ணைப் பார்த்த அறிக்கை இருக்கிறதா என்றும் கேளுங்கள். இல்லாவிட்டால் ஸ்டாண்டின் ஒரு முனை மட்டும் இறங்கி, படிவரிசையில் குறுக்கே விரிசல் விடும். 2022 ஏப்ரலில் டர்பனில் வந்த வெள்ளத்துக்குப் பிறகும் வடிகால் வரைபடமில்லாத திட்டத்தோடு வருகிறார்களே, அவர்களை என்ன சொல்ல?

வேலை தொடங்கினால் ‘பிசினஸ் ஃபோரம்’ என்று உள்ளூர் வியாபாரிகள் பேரில் ஆட்கள் வந்து வேலையில் 30 சதவீதம் கேட்பார்கள். அந்த எண் வந்த இடம் இது: 2017ஆம் ஆண்டின் அரசுக் கொள்முதல் விதிகளில், 3 கோடி ராண்டுக்கு மேற்பட்ட அரசு ஒப்பந்தங்களில் 30 சதவீதத்தை உள் ஒப்பந்தமாகக் கொடுக்க வழி இருந்தது. அந்த விதிகள் 2023 ஜனவரியோடு போய்விட்டன. உறுப்பினர் காசில் கிளப் கட்டும் வேலைக்கு அவை எப்போதும் பொருந்தியதில்லை. மிரட்டிக் கேட்டால் அது மிரட்டிப் பணம் பறிக்கும் குற்றம். தனியாளாக வாதாடாமல், தேதி, நேரம், வண்டி எண் குறித்துப் போலீஸில் வழக்கு எண் வாங்குங்கள். ‘வாயடைக்கக் கொஞ்சம்’ கொடுத்தால் அடுத்த வாரம் இன்னொரு கூட்டம் வரும்.

3,000 இருக்கை என்பதில் கிளப் யோசிக்காத ஒரு செலவும் இருக்கிறது. 2001 ஏப்ரல் 11 அன்று ஜோகன்னஸ்பர்க்கின் எல்லிஸ் பார்க் ஸ்டேடியத்தில் நெரிசலில் 43 பேர் இறந்தார்கள். அதன்பின் வந்த 2010ஆம் ஆண்டின் 2ஆம் சட்டப்படி 2,000 பேரோ அதற்கு மேலோ கொள்ளும் அரங்குக்குப் பாதுகாப்புத் தரச் சான்றிதழ் வேண்டும். வெளியேறும் வழி, ஆம்புலன்ஸ் பாதை, காவலர் எல்லாவற்றுக்கும் கணக்கு கேட்பார்கள். வட்டார லீக் ஆட்டத்துக்கு 3,000 பேர் வருவார்களா என்பதை நீங்களே எண்ணிப்பாருங்கள். கட்டட வரைபட அனுமதிக்கு, 500 சதுர மீட்டருக்கு மேல் என்றால், சட்டம் 60 நாள் கொடுக்கிறது. ஒரு காகிதம் குறைகிறது என்று திருப்பினால் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து. கிடைத்த அனுமதியும் 12 மாதத்துக்குள் வேலை தொடங்காவிட்டால் காலாவதி.

இவ்வளவுக்குப் பிறகும் பணம் கட்ட மனமிருந்தால், கிளப் கணக்கில் போடாதீர்கள். கட்சிக்காரர் பணத்தைத் தனியாக வைக்கும் வக்கீலின் டிரஸ்ட் கணக்கில், லீகல் பிராக்டிஸ் சட்டம் 86(4)இன்படி வட்டி சேரும் தனிக் கணக்காகப் போடச் சொல்லுங்கள். பதிந்த குத்தகை, மன்றத் தீர்மானம், அனுமதியான வரைபடம் மூன்றும் கைக்கு வந்தபின்தான் பணம் வெளியே போகலாம். இந்தத் தேதிக்குள் வராவிட்டால் வட்டியோடு திரும்பவேண்டும் என்று எழுத்தில் இருக்கட்டும். அந்த வக்கீலிடம் நடப்பு ஆண்டுக்கான ஃபிடெலிட்டி ஃபண்ட் (வக்கீல் திருடிய பணத்துக்கு ஈடு தரும் நிதி) சான்றிதழ் இருக்கிறதா பாருங்கள். ஈமெயிலில் வரும் வங்கி எண்ணை நம்பிப் பணம் போடாதீர்கள். நடுவழியில் அதை மாற்றி அனுப்புபவர்கள் இருக்கிறார்கள். அலுவலகத்துக்கு நேரில் போங்கள், அல்லது உங்களுக்கு முன்பே தெரிந்த எண்ணில் கூப்பிட்டு, கணக்கு எண்ணை ஒவ்வோர் இலக்கமாக வாசிக்கச் சொல்லி ஒப்பிடுங்கள்.