மெத்தோட்ரெக்சேட்: வாரத்தில் ஒரே ஒரு நாள்

மூட்டுகளைத் தாக்கும் முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் மாத்திரை சாப்பிடுகிறவர்களிடமிருந்துதான் இம்முறை அதிகக் கேள்விகள். பயப்பட வேண்டாததற்குப் பயந்து, கவனிக்க வேண்டியதை விட்டுவிடுகிறோமோ என்று தோன்றுகிறது.

அம்மாவின் சுகர், பிரஷர் மாத்திரைகளோடு இதையும் டப்பாவில் போட்டு வைக்கிறேன். வலி அதிகமான நாளில் கூடுதலாக ஒன்று தரலாமா?

கூடாது. டப்பாவிலிருந்து இன்றே தனியே எடுத்து வையுங்கள். இது வலி மாத்திரை அல்ல. சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் மாதிரி வாரத்தில் ஒரு நாள்தான். தினசரி மாத்திரை என்று நினைத்துத் தொடர்ந்து சாப்பிட்டு உயிரிழந்தவர்கள் பல நாடுகளில் உண்டு. வாய் முழுக்கப் புண், காய்ச்சல், தோலில் ரத்தத் திட்டுகள் என்று ஆரம்பிக்கும். எலும்பு மஜ்ஜை ரத்த அணுக்களை உருவாக்க முடியாமல் திணறுவதன் அடையாளம் அது. அப்படி ஏதும் தெரிந்தாலோ, கூடுதலாகப் போட்டுவிட்டாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். இதன் நஞ்சை முறிக்க ஃபோலினிக் அமிலம் என்ற மருந்து உண்டு, எவ்வளவு சீக்கிரம் ஏறுகிறதோ அவ்வளவு நல்லது.

கிழமையை மருந்துச் சீட்டிலேயே தமிழில் எழுதித் தரச் சொல்லுங்கள். அப்புறம், 2.5, 5, 7.5, 10 மில்லிகிராம் என்று பல அளவுகளில் மாத்திரை வருகிறது. கடையில் மாத்திரை அட்டை மாறினால் எண்ணிக்கையும் மாறும். ‘போன தடவை மூணு போட்டேன்’ என்ற கணக்கு அங்கே உதவாது. இதோடு எழுதித் தரும் ஃபோலிக் அமில மாத்திரை வேறொரு நாளில். வாய்ப்புண்ணையும் குமட்டலையும் குறைப்பது அதுதான், ‘வெறும் சத்து மாத்திரைதானே’ என்று விட்டுவிடாதீர்கள்.

இது புற்றுநோய் மருந்தாமே?

ஆமாம், ஆனால் அளவு வேறு. மூட்டுக்கு வாரம் 7.5 முதல் 25 மில்லிகிராம் வரை. சில புற்றுநோய்களுக்கு இதைவிடப் பல மடங்கு. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவின் குழு 1940-களில் அமெரிக்காவில் உருவாக்கிய மருந்துக் குடும்பம் இது. முடக்குவாதத்துக்கு அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது 1988-இல்.

ஒரு மாதமாகியும் வலி அப்படியே இருக்கிறது.

6 முதல் 12 வாரம் பிடிக்கும். பொறுங்கள்.

மூன்று தடவை ரத்தம் பார்த்தாயிற்று, எல்லாம் நார்மல். இனியும் செலவு செய்ய வேண்டுமா?

வேண்டும். ரத்த அணுக்கள், கல்லீரல், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் ஆகியவற்றை ஆரம்பத்தில் 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறையும், பிறகு சுமார் 3 மாதத்துக்கு ஒருமுறையும் பார்க்கிறோம். சிறுநீரகம் மந்தமானால் மருந்து உடம்பிலேயே தங்கிவிடும், வெளியே எதுவும் தெரியாது. மதுப் பழக்கம் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். பெயர் ஒட்டாத மூட்டுவலிப் பொடியும் வேண்டாம். அவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பது பலமுறை தெரிய வந்திருக்கிறது.

காய்ச்சல் வந்தால்?

அந்த வார மருந்தைப் போடுமுன் மருத்துவரைக் கேளுங்கள். வாந்தி, பேதியில் உடம்பு வறண்டு கிடக்கும்போதும் அப்படியே. காய்ச்சலைவிட எனக்குக் கவலை, மெடிக்கலில் கேட்டு வாங்கும் ஆன்டிபயாடிக். கோ-டிரைமாக்சசோல் இதோடு சேர்ந்தால் மஜ்ஜையை மோசமாகத் தாக்கும். கடைக்காரரிடம் முதலில் ‘நான் மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுகிறேன்’ என்று சொல்லுங்கள். புதிதாக வறட்டு இருமலும் மூச்சிரைப்பும் சேர்ந்து வந்தால் அன்றே போய்க் காட்டுங்கள். இந்த மருந்தால் நுரையீரல் அழற்சி அரிதாக வரும்.

மகளுக்கு 27 வயது, அடுத்த மாதம் கல்யாணம். மருந்தை இப்போதே நிறுத்திவிடலாமா?

தானாக நிறுத்த வேண்டாம், வலி திரும்ப வந்துவிடும். ஆனால் இந்த மருந்தில் இருக்கும்போது கரு தங்கவே கூடாது; கலையலாம், குழந்தைக்கு உறுப்புக் குறைபாடும் வரலாம். அதனால் கல்யாணத்துக்கு முன்பே கருத்தடை முறையை முடிவு செய்யுங்கள். குழந்தை வேண்டும் என்றால் சில மாதம் முன்னதாகவே வேறு மருந்துக்கு மாற வேண்டும். கர்ப்பத்திலும் தொடரக்கூடிய ஹைட்ராக்சிகுளோரோகுயின், சல்ஃபாசலசின் போன்றவை இருக்கின்றன. அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போனால் நல்லது.